முறைக்கிற புள்ள

வித்யா செத்து முப்பத்தாறு நாளாகிவிட்டது. அவள் எப்படிச் செத்தாள் என்று இன்னமும் ஊர் அவள் அம்மா சாலம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

முதல் வாரம், செல்லைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் இறங்கிவிட்டாள் என்றார்கள். விடுதிப் பிள்ளைகள் செல் வைத்துக்கொள்ள முடியாது என்று தெரிந்ததும் அந்தப் பேச்சு செத்தது. அடுத்த வாரம் வேறொன்று முளைத்தது. ரிவிஷன் பரீட்சையில் மார்க் குறைந்துபோனதாம், மனசு விட்டுத் தானாகவே போய் பஸ்ஸுக்கு முன்னால் விழுந்தாளாம். இந்தப் பேச்சு சாகவில்லை. அதற்குச் சோறு போட இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்துப் பிரின்சிபால் குருமூர்த்தி. கேட்டவர்களுக்கெல்லாம் அவர் மார்க் விவரத்தைச் சொன்னார். இன்னொருவர் பஸ் டிரைவர். போலீஸ் ஸ்டேஷனில் அவர் சொன்னதை வித்யாவின் அப்பா கந்தன் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான்.

"என்னைய முறைச்சுப் பார்த்துக்கிட்டேதானுங்க எறங்குச்சு. பஸ்ஸு வாரது தெரியாம எறங்கலீங்க. கண்ணு ரெண்டும் எம்மேலயேதான் இருந்துச்சு. நான் எத்தனை ஆரன் அடிச்சும் முறைப்பு மாறலீங்க."

டிரைவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. சொல்லிவிட்டு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து அழுதார். அதனால்தான் அந்தச் சொல் இன்னும் ஆழமாக இறங்கியது.

சாலம்மாளுக்குக் கோழிப்பண்ணையில் வேலை. கம்பிக்கூண்டுகளில் முட்டைகள் சரிந்து வந்து முன்விளிம்பில் நிற்கும். விடிந்ததும் வரிசை வரிசையாக நடந்து அவற்றை எடுத்து அட்டையில் அடுக்க வேண்டும். கீறல் விழுந்த முட்டை தனி அட்டை. மயிரிழைக் கீறலையும் அவள் கை நீளத்திலேயே பார்த்துவிடுவாள். பண்ணையில் அவளுக்குப் பேரே அதனால்தான். சந்தேகம் வந்த அட்டையெல்லாம் அவளிடம்தான் வரும்.

அன்றைக்கு மாசி மாதத்துக் காற்று கொட்டகைக்குள் தவிட்டையும் நெடியையும் சேர்த்து அடித்துக்கொண்டிருந்தது. எதிர் வரிசையில் மாரக்காள்.

"பொட்டி எடுக்கப் போறயாமா?"

"ஆமாக்கா. போன் பண்ணிப்போட்டாங்க. இன்னிக்கி எடுக்கலீன்னா ஸ்டோர் ரூமுக்குள்ள போட்ருவாங்களாமா. அடுத்த புள்ளைக்கு அந்த எடம் வேணுமாமா."

"கந்தனையும் கூட்டிட்டுப் போ. ஒத்தையில போகாத." மாரக்காள் இரண்டு முட்டையை அட்டையில் வைத்தாள். "என்னமோ போ சாலா. அந்தப் புள்ள மனசுல என்ன இருந்துச்சோ. உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

சாலம்மாள் அட்டையைக் கீழே வைத்தாள்.

"என்னக்கா இருந்துச்சு அவ மனசுல?"

"நானென்னத்தைக் கண்டேன்."

"நாஞ்சொல்றேன், கேட்டுக்க. பொங்கலுக்கு வந்தவ நாலு நாளும் கறிக்கொழம்பு கேட்டுக் கேட்டுத் தின்னா. போற அன்னிக்கிக் காலையில முறுக்கு பத்தாதுன்னு எங்கூட மல்லுக்கு நின்னா. தீபிகாவுக்கு ஒரு பங்கு வேணுமாமா. நீ கஞ்சப் பிசினாறிம்மான்னு என்னைய வைதுட்டு டப்பாவை ரொப்பிக்கிட்டுப் போனா. ரோட்டுல எறைஞ்சு கெடந்துச்சு பாரு, அந்த முறுக்குத்தான். சாகப் போறவ முறுக்குக்குச் சண்டை கட்டுவாளா?"

"நாஞ்சொல்லல புள்ள. ஊரு சொல்லுது."

"ஊருன்னா யாரு? நீதான ஊரு."

சூப்பர்வைசர் வந்து கொட்டகை விளக்குகளை அணைத்தார். விடிகாலையில் போட்டு வெளிச்சம் வந்ததும் அணைப்பார். இருட்டியதும் மறுபடி போடுவார். வெயிலும் விளக்கும் சேர்த்து ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம். அதற்கு மேல் போட்டால் கோழி தாங்காது என்று முதலாளியே சொல்லியிருக்கிறார்.

பத்து மணிக்குச் சின்னான் தன் குட்டியானை வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். சின்னானும் கந்தனும் பண்ணைக்குத் தீவனம் ஏற்றுகிறவர்கள், ஒரே வயது. கந்தனுக்கு டிவிஎஸ் வண்டி இருந்தது. அதில்தான் அன்றைக்கு வித்யாவைப் பிரிவு ரோட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினான். தீவன லோடு காத்திருக்கிறது என்று, பஸ் வருகிற வரைக்கும் நிற்காமல் திரும்பிவிட்டான். பனி விலகாத காலை. அதற்குப் பிறகு அவன் டிவிஎஸ்ஸைத் தொடவில்லை.

பிரிவு ரோட்டில், "சித்த நிறுத்து சின்னா" என்றான்.

கரண்டுக் கம்பத்தில் வித்யாவின் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தது. ஆள் உயரம். சிவப்பு எழுத்து. நடுவில் பள்ளிக்கூடத்து அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோவைப் பெரிசாக்கிப் போட்டிருந்தார்கள். அதிலும் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் இருந்தாள். கந்தன் ஏறி நான்கு கயிற்றையும் அவிழ்த்தான்.

"எதுக்குங்க அதை அவுக்கறீங்க?" என்றாள் சாலம்மாள்.

"கலியாண பேனரு கட்டறாங்களாமா. அவிய இதுக்கு மேலயே கட்டிப்போடுவாங்க. எம்புள்ள மூஞ்சி மேல இன்னொருத்தன் மூஞ்சியா?" பாயைச் சுருட்டுவது போல் சுருட்டி வண்டியில் வைத்தான்.

பள்ளிக்கூடம் நாமக்கல் போகிற ரோட்டில், ஊரை விட்டுத் தள்ளி. கேட்டில் ஆரம்பித்து மதில் முழுக்கப் பேனர்கள். முதல் மார்க், இரண்டாம் மார்க், டாக்டர் சீட் வாங்கியவர்கள் என்று வரிசையாகப் பிள்ளைகளின் முகங்கள். வித்யாவைச் சேர்க்க வந்த நாளில் அவள் இந்த மதிலோடு கூடவே நடந்து ஒவ்வொரு பேனரையும் மூக்கு உரசுகிற அளவுக்குப் போய்ப் பார்த்தாள். "ஏன்டி அப்புடி மோந்து பார்க்கற?" என்று சாலம்மாள் சிரித்திருக்கிறாள். உள்ளே விளையாட்டு மைதானத்தில் மஞ்சள் பஸ்கள் நிறைந்து நின்றன. பஸ்களுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் காலி இடம், துணி காயப்போடுகிற கம்பி, அதைத் தாண்டினால் வகுப்புக் கட்டடத்து வராண்டா.

ஆண்களைப் பெண்கள் பக்கம் விடமாட்டோம் என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். கந்தனும் சின்னானும் வண்டியோடு பஸ் வரிசையோரம் நின்றுகொண்டார்கள். சாலம்மாள் மட்டும் ஒரு முறுக்கு டப்பாவோடு வராண்டாவுக்குப் போனாள்.

அங்கே படிப்பு நேரம். நாற்பது பெண்கள் தரையில் மூன்று வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் சுவரைப் பார்த்து. மைதானத்தைப் பார்த்து உட்கார்ந்தால் கவனம் சிதறுமாம். முதுகு வளைந்து, புத்தகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லாமல், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வார்டன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, பக்கெட்டையும் தலையணையையும் பக்கத்தில் வைத்து, "சரியா இருக்குதான்னு பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள்.

"ஆன்ட்டி."

"தீபிகாவா? வா கண்ணு. இந்தா, உனக்குத்தான்."

டப்பாவை வாங்கியவள் மூடியைத் திறக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். சாலம்மாள் பெட்டியைத் திறந்தாள். இரண்டு சீருடை, தேங்காய் எண்ணெய் பாட்டில், மாதாந்திரத் துணி, நோட்டுகள். நோட்டை எடுத்து முகத்தில் வைத்து மோந்தாள். பின்பக்கம் திறந்துகொண்டது. கடைசித் தாளில் இங்கிலீஷ் எழுத்துகள், மேலே பெரிசாக ஒன்று, அடுத்த வரியில் இரண்டு, அதற்கடுத்து மூன்று என்று கூம்பு மாதிரி. சாலம்மாள் எட்டு வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டினாள். இ. எஃப், பி. டி, ஓ, இசட். ஒன்றும் வார்த்தையாகவில்லை.

"இதென்ன கண்ணு, கெமிஸ்ட்ரியா?"

தீபிகா நோட்டை வாங்கி மூக்கு வரைக்கும் கொண்டுபோனாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அது கண்ணு செக் பண்ற சார்ட்டுங்க ஆன்ட்டி. கேம்ப் வந்துச்சில்லீங்களா ஐப்பசியில, அதுக்கு."

"அதை எதுக்கு எழுதி வெச்சிருக்கறா?"

தீபிகா உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "நான்சிதானுங்க லைன்ல முதல்ல நின்னா. அவ ஏற்கெனவே கண்ணாடி போட்டவ. பார்த்து எழுதிக்கிட்டு வந்துட்டா. வித்யா அதைக் காப்பி பண்ணி எல்லாத்துக்கும் குடுத்தா. மொத்தம் எட்டு வரிங்க. பத்தே நிமிஷத்துல மனப்பாடம் பண்ணிட்டோம்." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து போனது. "எங்களுக்கு அதான் தெரியுங்களே. வலக்கண்ணை மூடச் சொன்னாங்க, சொன்னோம். எடக்கண்ணை மூடச் சொன்னாங்க, சொன்னோம். கீழ வரி வரைக்கும் கரெக்டா சொன்னோம்."

"ஏங்கண்ணு?"

"கண்ணு தெரியலீன்னா ஊட்டுக்குப் போன் பண்ணிக் கூப்புடுவாங்கல்லீங்க." தீபிகா முறுக்கு டப்பாவைப் பார்த்தபடி சொன்னாள். "வித்யா பயந்துட்டா. கண்ணாடி போட்டா கலியாணம் நிக்கும்னு எங்கம்மா சொல்லியிருக்குது, தெரிஞ்சா வையும்னு சொன்னா."

சாலம்மாள் நோட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சொன்னவள் அவள்தான். எட்டாவது படிக்கும்போது, "அம்மா, போர்டு கொழகொழன்னு தெரியுது" என்று வித்யா வந்து நின்றாள். தன் அண்ணன் மகளுக்குக் கண்ணாடியால் மூன்று இடம் தட்டிப்போன வருஷம் அது. சாலம்மாள் வரப்போரம் பொன்னாங்கண்ணி பறித்துவந்து மூன்று மாதம் கடைந்து போட்டாள். "வெளிய சொல்லித் திரியாத, கீரை தின்னாச் செரியாப் போயிரும்" என்றாள். கந்தனும் தலையாட்டினான். அதற்குப் பிறகு வித்யா ஒருநாளும் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. சரியாகிவிட்டது என்று இருந்தார்கள். போன சித்திரையில் சொந்தக்காரர்கள் ஒறம்பரையாக வந்திருந்தபோது வாசலில் நின்றவரை வித்யா அசையாமல் முறைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் போனதும், "பெரியவிங்களை அப்புடியாடி முறைக்கறது?" என்று சாலம்மாள் கன்னத்தில் ஒன்று வைத்தாள். "நான் முறைக்கலம்மா" என்று மட்டும் சொன்னாள். யாரென்று தெரியவில்லை என்று சொல்லவில்லை.

"கண்ணு," என்றாள் சாலம்மாள். "அவ பஸ்ஸு போர்டை எப்படிப் படிப்பா?"

"எங்கீங்க படிப்பா? கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்ப்பா. இல்லீன்னா பக்கத்துல யாரையாச்சும் கேப்பா. ஆரும் இல்லீன்னா கிட்டப் போய்ப் பார்ப்பா. பைபாஸ் பஸ்ஸா இருந்தா நிக்காதுல்லீங்களா, நம்ம பஸ்ஸுதானான்னு மொதல்லயே தெரிஞ்சு கை காட்டோணும்."

பனியில் ஆளில்லாத பிரிவு ரோட்டை சாலம்மாள் பார்த்தாள். முறுக்கு டப்பாவோடு நிற்கிற பெண்ணைப் பார்த்தாள். கண்ணை இடுக்கி, கழுத்தை நீட்டி, ஒரு காலை ரோட்டில் வைத்து, அந்தச் சனியன் பிடித்த போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க இன்னும் ஒரு அடி.

அவள் முறைக்கவில்லை.

"உனக்குப் போர்டு தெரியுமா?"

"இல்லீங்க. நான்சி எழுதறதைப் பார்த்துத்தான் நாங்க எழுதுவோம். அவ நோட்டு லைன்ல கடைசி வரைக்கும் போகும்."

"எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்க?"

"நாலரைக்குங்க. பதினொண்ணுக்குப் படுத்துக்கலாம்."

"வெளையாட உட மாட்டாங்களா?"

"கிரவுண்டுல பஸ்ஸு நிக்குதுங்களே."

"பின்ன வெயில்ல எப்பத்தான் நிப்பீங்க?"

தீபிகா யோசித்தாள். "துணி காயப்போடறப்பங்க." பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "கேம்புக்கு வந்த அக்காவும் இதைத்தானுங்க கேட்டாங்க. எந்நேரமும் கிட்டத்துலயே பார்த்துக்கிட்டு, பகல் வெளிச்சத்துல வெளிய போகாம இருந்தா, இந்த வயசுல கண்ணு தூரத்தை உட்ருமாமா. தெனமும் வெளிய உடுங்கன்னு சொன்னாங்க. நீட் பரீட்சை முடியட்டும்னு மிஸ் சொல்லிட்டாங்க. ஆன்ட்டி, சார்ட்டு நாயத்தை ஆருகிட்டயும் சொல்லிராதீங்க. எங்களைக் கொன்னுபோடுவாங்க."

நாலரையிலிருந்து பதினொன்று. சாலம்மாள் விரல் விட்டாள். பதினெட்டரை மணி நேரம். கோழிக்கே பதினாறுதான். நோட்டை மடித்து முந்தானைக்குள் செருகினாள்.

"என்னங்கம்மா, கையெழுத்துப் போட்டாச்சுங்களா?" குருமூர்த்தி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. "இது ஸ்டடி அவருங்க. புள்ளைகளுக்கு டிஸ்டர்ப் ஆகுது பாருங்க. தீபிகா, கோ."

"எம்புள்ள மார்க்கு கொறைஞ்சு செத்துப்போச்சுன்னு சொன்னீங்களாமா?"

"நான் அப்படிச் சொல்லலீங்க. போலீஸ் கேட்டாங்க. மார்க் டவுனா இருந்துச்சுன்னு உள்ளதைச் சொன்னேன்."

"மார்க்கு ஏன் கொறைஞ்சுது?"

"கவனம் பத்தலீங்க. நல்லாப் படிச்ச பொண்ணுதான். கடைசியில சிதறிப்போச்சு."

"போர்டு தெரியலீங்க அவளுக்கு."

குருமூர்த்தி பொறுமையாகச் சிரித்தார். "உங்க வருத்தம் புரியுதுங்கம்மா. ஆனா நாங்க வருசா வருசம் கண்ணு கேம்ப் வெக்கறோம். இந்த வருசம் புதுசா ஒரு பொண்ணுக்குக் கூடக் கொறை இல்லீன்னு எழுதியே குடுத்திருக்காங்க. ஆபீஸ்ல ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கேன், வாங்க, காட்டறேன்."

நோட்டு இடுப்பில் குத்தியது. அதை எடுத்து அவர் மூஞ்சியில் எறிய ஒரு நொடி போதும். யாரிடமும் சொல்லாதீங்க என்று கேட்ட தீபிகா சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தலையைத் தூக்காமல் இருந்தாள். சாலம்மாள் வராண்டா விளிம்புக்கு வந்து, மைதானத்தைப் பார்த்து, கொட்டகை முழுக்கக் கேட்கிற தன் குரலை எடுத்தாள்.

"ஏனுங்க! அதை எடுத்து விரிங்க!"

நூறடிக்கு அந்தப் பக்கம் கந்தன் புரியாமல் கையை விரித்தான்.

"அவுத்துக்கிட்டு வந்தீங்கல்ல, அதைத்தானுங்க! நீங்க ஒரு பக்கம், சின்னான் அண்ணன் ஒரு பக்கம் புடிங்க! இப்படி எங்களைப் பார்த்துப் புடிங்க!"

"என்னங்க இது? வாட்ச்மேன்!" என்றார் குருமூர்த்தி.

"சித்த இருங்க சார். சாமிகளா, எல்லாரும் திரும்புங்க. எந்திரிக்க வேண்டாம். உக்காந்தபடியே திரும்புங்க."

பெண்கள் குருமூர்த்தியைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். செத்துப்போனவளுடைய அம்மா. ஒருத்தி திரும்பினாள், பிறகு வரிசையாகத் திரும்பினார்கள். வெயில் முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்ட நாலைந்து பேரைத் தவிர, மற்ற எல்லாரும் ஒரே மாதிரிக் கண்ணை இடுக்கினார்கள். புருவம் நெரிந்து, வாய் இறுகி, எல்லா முகமும் முறைத்தது. அத்தனை முகத்திலும் வித்யா இருந்தாள்.

"அங்க என்ன தெரியுதுன்னு சொல்லுங்க கண்ணு. பயப்படாம சொல்லுங்க."

பெண்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"ஏதோ பேனருங்க," என்றாள் ஒருத்தி.

"செவப்பா எழுதியிருக்குதுங்க."

"ஒரு போட்டோ இருக்குதுங்க. பொண்ணு போட்டோ."

தீபிகா எழுந்து நின்றாள். கழுத்தை நீட்டினாள். "டாப்பர்ஸ் பேனருங்களா ஆன்ட்டி?"

கடைசி வரிசையில் நான்சி, கண்ணாடிக்குள் கண் ததும்ப, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். குருமூர்த்தியும் கண்ணாடி போட்டவர்தான். அவருக்கு நன்றாகத் தெரிந்தது. வாட்ச்மேனைக் கூப்பிடத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது.

"ரெண்டு வருசம் ஒரே பெஞ்சுல உக்காந்த புள்ளைங்க சார்," என்றாள் சாலம்மாள். "அவ மூஞ்சி தெரியல இதுகளுக்கு. அந்த ஃபிரேம் போட்டதை எடுத்துக்கிட்டு வாங்க, இப்ப எனக்குப் படிச்சுக் காட்டுங்க. நாங்க பண்ணுனதுக்கு நாங்க அழுது சாகறோம். கீரையைக் கடைஞ்சு போட்டு எம்புள்ளையக் கொன்னவ நானு. நீங்க என்ன பண்ணுனீங்கன்னு நீங்க சொல்லுங்க."

அவர் என்ன சொன்னாரோ. சாலம்மாள் கேட்கவில்லை. தீபிகா படியிறங்கிவிட்டாள். கண்ணை இடுக்கிக்கொண்டு பேனரை நோக்கி ஒரு அடி வைத்தாள், நின்று பார்த்தாள், இன்னொரு அடி வைத்தாள். கழுத்து முன்னால் நீண்டிருந்தது. இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. இன்னும் ஒரு அடி.

மைதானத்தில் ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. சாலம்மாள் ஓடினாள். செருப்பு கழன்று விழ ஓடிப்போய் அந்தப் பெண்ணின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பேனரின் மறுபக்கத்திலிருந்து கந்தன், எதற்கென்று தெரியாமலே, அதை இன்னும் உயரமாகத் தூக்கினான். இப்போது தீபிகாவுக்கு முகம் தெரிந்துவிட்டது. "ஆன்ட்டி" என்று சொல்ல வந்தது பாதியில் உடைந்தது.

"அழுவாத. உங்கம்மா போன் நம்பரச் சொல்லு."

"வேண்டாங்க ஆன்ட்டி, எங்கம்மா..."

"சொல்லு கண்ணு."

தீபிகா விக்கலுக்கு நடுவில் பத்து எண்ணையும் தப்பில்லாமல் சொன்னாள். வராண்டாவில் நாற்பது பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். எல்லாருக்கும் அவரவர் வீட்டு நம்பர் மனப்பாடமாகத் தெரியும். சாலம்மாள் கந்தனின் சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்து எண்களை அழுத்தினாள். மணி அடித்தது. அந்தப் பக்கம் ஏதோ மில் ஓடுகிற சத்தம், அதற்கு மேலே ஒரு பெண் குரல்.

"அல்லோ, ஆருங்க?"

"நான் வித்யா அம்மா பேசறேனுங்க. உங்க புள்ள நல்லாத்தான் இருக்குது, பயந்துக்காதீங்க. அது உங்களை எப்பவாச்சும் முறைச்சிருக்குதுங்களா?"

"ஏனுங்க, எப்பப் பார்த்தாலும் முறைப்புத்தானுங்க. எத்தனை அடி அடிச்சாலும்..."

"அடிக்காதீங்க," என்றாள் சாலம்மாள். "அது முறைக்கலீங்க. அதுக்குக் கண்ணு தெரியலீங்க."